காகிதக் கூழ் கிண்ணம் உள்ளே காயவே மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

லீவில் பிள்ளைகளோடு பழைய செய்தித்தாளில் கிண்ணம் செய்கிறோம், சாவி, சில்லறை போட்டு வைக்க. தாளைக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு மிக்சியில் அரைத்து, கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அப்புகிறோம். முன்பெல்லாம் ஆட்டுக்கல்லில் அரைத்து முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்களே, அதே முறைதான், வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், பூச்சியும் அண்டாது என்பார்கள். வெயிலில் மேல்பக்கம் காய்ந்துவிடுகிறது, உள்பக்கம் ஈரம் அப்படியே நிற்கிறது, கழற்றினால் விளிம்பு வெடிக்கிறது. மெல்லிசாகப் பூசி ஒவ்வொரு தடவையும் காயவிட வேண்டுமா, இல்லை முதலில் கிண்ணத்தின் மேல் துணி போட்டுவிட்டுப் பூச வேண்டுமா? மைதாப் பசை சேர்த்தால் கரப்பான் வருமோ என்று பயம். அப்புறம், சின்னவளுக்கு 3 வயது, எல்லாம் வாய்க்குத்தான் போகும், அதனால் வார்னிஷ் வேண்டாம். மேல்பூச்சுக்கு வேறு என்ன போடலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.