ரெஜிஸ்டருக்கு ‘அமர்வரிசை’: இன்சுலின் துண்டு குழியில் அமரும் முறை

குழுவினருக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

முதல்வகை இனிப்புநீர் பற்றிப் பெற்றோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், ‘ரெஜிஸ்டர்’ என்பதற்குப் ‘பதிவு’ என்று இட்டிருப்பதை மாற்ற வேண்டும். பதிவு என்றதும் இங்கே பள்ளி வருகை ஏடும் தேசியப் பதிவிலாகாவும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசும் இடத்திலோ எதுவும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஒரு புரதத் துண்டு தன் இடத்தில் எப்படி உட்காருகிறது என்பதே செய்தி. அச்சகத்தார் நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவதை ரெஜிஸ்டர் என்பார்களே, அந்தப் பொருளுக்குத்தான் இது உறவு.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. இந்நோயில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தாக்கும் டி உயிரணு (நோயெதிர்ப்பு உயிரணுக்களில் ஒரு வகை) முழு இன்சுலினை அடையாளம் காண்பதில்லை. வேறோர் உயிரணு அதை உட்கொண்டு நறுக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பிலுள்ள எச்எல்ஏ புரதத்தின் பள்ளத்தில் ஏந்திக் காட்டினால்தான் அதற்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு எச்எல்ஏயின் பள்ளம் இரு முனையும் திறந்திருப்பதால், நீளமான துண்டு இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடுவிலுள்ள ஒன்பது அமிலங்கள் மட்டும் பள்ளத்துக்குள் படிகின்றன. அவற்றுள் முக்கியமாக 1, 4, 6, 9 ஆகிய இடங்களில் இருப்பவை கீழேயுள்ள குழிகளில் இறங்குகின்றன. மற்றவற்றுள் சில மேல்நோக்கி நின்று டி உயிரணுவுக்கு முகம் காட்டுகின்றன.

ஆக, துண்டு ஓரடி நகர்ந்து உட்கார்ந்தால் குழிக்குள் இருந்தது மேலே வரும், மேலே இருந்தது குழிக்குள் போகும். முதலாம் ஆண்டுப் பிள்ளை தானே சீருடை போட்டு, பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டையும் அதுதான், பொத்தான்களும் அவைதான். ஆனால் கழுத்தோரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பி சங்கிலியின் 9 முதல் 23 வரையிலான துண்டில் இது தெளிவாகத் தெரிகிறது. தானாகவே இந்நோய் வரும் என்ஓடி சுண்டெலியில், 12–20, 13–21, 14–22 என இத்துண்டு மூன்று விதமாகவேனும் அமரக்கூடும். ஒன்பதாம் குழியில் முறையே கிளைசின், குளுட்டாமிக் அமிலம், ஆர்ஜினின் இறங்கும். அந்த எலியின் பள்ளப் புரதத்தில், பீட்டா சங்கிலியின் 57ஆம் இடத்தில் வழக்கமாக இருக்கும், எதிர்மின்னூட்டமுள்ள அஸ்பார்டிக் அமிலம் இல்லை. ஆகவே ஒன்பதாம் குழி எதிர்மின்னூட்டமுள்ள குளுட்டாமிக் அமிலத்தை வரவேற்கும், நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினினை ஏற்கத் தயங்கும். மனிதரில் இந்நோயோடு தொடர்புடைய டிகியூ8 என்ற எச்எல்ஏ புரதத்திலும் அதே இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இல்லை. அந்த இடத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1987இல் வெளியானது. எலியில் கண்ட அமர்வுகளை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லிவிடாமல் கையேட்டில் கவனமாக இருக்க வேண்டும்.

ஈப்போ நண்பர் முன்வைத்த ‘சட்டகம்’ நல்ல சொல்தான், ஆனால் மரபணுவியலில் ‘வாசிப்புச் சட்டகம்’ என்று அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘பொருத்தம்’ என்றால் ஜாதகம் நினைவுக்கு வரும் என்பது ஒருபுறமிருக்க, துண்டு எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைச் சொல்ல அது நமக்குத் தனியே தேவைப்படும். என் முன்மொழிவு ‘அமர்வரிசை’. எந்த அமிலம் எந்த இடத்தில் அமர்கிறது என்ற வரிசையே பொருள் என்பதால் சொல்லே விளக்கமாகிவிடுகிறது. ‘அமர்வரிசை நகர்வு’ என்று நீட்டவும் இடம் தருகிறது. அமர் என்றால் போர் என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்டால், தன்னுடல் தாக்குநோய்க்கு அதுவும் பொருந்தும் என்று சொல்லிவிடலாம்.

சொல்லைச் சோதித்துப் பார்க்க, பட்டர்வொர்த்தில் மகனுக்கு நாள்தோறும் ஊசி போடும் ஓர் அக்காவிடம் வரைவை வாசித்துக் காட்டினேன். “உடம்பு தன்னுடைய பொருளைத் தாக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கியிருக்காதா, தம்பி?” என்று கேட்டார். நெஞ்சின் மேற்பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியில் அந்தப் பயிற்சி நடக்கிறது, தன்னுடலைப் பலமாகப் பற்றும் டி உயிரணுக்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன என்றேன். பிறகு ஒரு தாளில் பதினைந்து கட்டங்கள் போட்டு, கத்தரித்து, மேசை விளிம்பில் ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் காட்டினேன். முழு இன்சுலினிலிருந்து நறுக்கப்படும்போது எலியில் 13–21 அமர்வரிசை காட்டப்படுகிறது. வெளியே தனித்து வந்து சேரும் துண்டோ 12–20 அமர்வரிசையிலும் உட்காருகிறது. பின்னதை அறியும் டி உயிரணுக்கள் தைமஸில் அதைச் சந்திக்காமலே தப்பிவிடுகின்றன என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். அக்கா தாளைத் தம் பக்கம் இழுத்து, தாமே ஒரு கட்டம் நகர்த்தி, “அப்படியானால் பழக்கியது ஒரு வரிசைக்கு, வந்து நிற்பது வேறு வரிசையில்” என்றார். ‘பதிவு’ என்று வாசித்தபோது அவர் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எண்ணிடுவதில் மட்டும் ஒரு வேண்டுகோள். கட்டுரைகளில் வரும் ‘ரெஜிஸ்டர் 1’, ‘ரெஜிஸ்டர் 3’ போன்றவற்றை ‘முதலாம் அமர்வரிசை’, ‘மூன்றாம் அமர்வரிசை’ என்று பெயர்த்தால், அவற்றுக்கு ஏதோ தரவரிசை இருப்பதாகப் பெற்றோர் எண்ணக்கூடும். ‘13–21 அமர்வரிசை’ என்று அமில எண்களையே எழுதுவோம். மறுப்பிருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து