குவாட்டர்பேக்: டக் ஃப்ளூட்டி கட்டுரைக்கான சொல் பற்றி

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் டக் ஃப்ளூட்டியைப் பற்றிய கட்டுரையில், பந்தை முதலில் பெற்றுத் தாக்குதலை நடத்தும் வீரரைக் குறிக்கும் 'குவாட்டர்பேக்' என்பதற்கு 'எறிவாளர்' என்று எழுதலாம் என ஐயா அவர்கள் பரிந்துரைத்திருந்தார். அதற்கு முன் வந்த மடல்களில் 'கால்பின்னர்', 'மீகாமன்' என்னும் இரண்டு சொற்களும் முன்வைக்கப்பட்டன. ஒலிபெயர்ப்பே போதும் என்பாரும் உண்டு. ஆனால் 'குவாட்டர்' என்றதும் தமிழ்நாட்டு வாசகரின் மனம் ஆடுகளத்துக்குச் செல்லாது என்பதை அவர்களும் அறிவார்கள்.

'கால்பின்னர்' மூலச்சொல்லுக்கு நேரானதுதான். முன்வரிசைக்கும் அரைப்பின் வீரர்களுக்கும் இடையில் நிற்பவர் என்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆயினும் கால்பந்து பற்றிய கட்டுரையில் 'கால்' என்பதை நான்கில் ஒரு பங்கு என்று யாரும் படிக்கமாட்டார்கள். 'மீகாமன்' கப்பலைச் செலுத்துபவனைக் குறிக்கும் அழகான பழஞ்சொல். ஆனால் ஆண்பாலில் நிற்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டின் கொடிப்பறிப்பு வடிவத்தை (ஆளை வீழ்த்துவதற்குப் பதிலாக இடுப்பிலுள்ள கொடியைப் பறிப்பது) பெண்களும் ஆடவிருக்கும் நிலையில், அது விரைவிலேயே இடர்தரும்.

'எறிவாளர்' குறித்தே எனக்குக் கூடுதலான தயக்கம். 1880இல் வால்ட்டர் கேம்ப்பின் முயற்சியால் விதிகள் மாறியபோதே, நடுவீரர் பின்னுக்கு விடும் பந்தை வாங்குபவராக இந்த வீரர் உருவாகிவிட்டார். பந்தை முன்னோக்கி எறிவதற்கு விதி இடம் கொடுத்ததோ 1906இல்தான். ஆக, எறிதல் பின்னால் வந்து சேர்ந்த வேலை. பந்தை முதலில் பெற்று, அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்று சில நொடிகளுக்குள் முடிவுசெய்வதே அடிப்படை வேலை.

ஃப்ளூட்டியின் வாழ்க்கையே இதற்குச் சான்று. பாஸ்டன் கல்லூரிக்கு ஆடிய அவர், 1984 நவம்பர் 23 அன்று மயாமிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் நெடுந்தொலைவு எறிந்த பந்தை ஜெரார்ட் ஃபேலன் பிடிக்க, ஆட்டம் 47–45 என முடிந்தது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் 178 செ.மீ. உயரமே இருந்ததால் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித்தொடரான தேசியக் கால்பந்துக் கழகத்தின் (என்.எஃப்.எல்.) அணிகள் அவரை நம்பத் தயங்கின. அதற்குப் போட்டியாக எழுந்து குறுகிய காலமே நீடித்த வேறொரு கழகத்தின் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியிலும், பின்னர் சிகாகோவிலும் நியூ இங்கிலாந்திலும் ஆடிவிட்டு, 1990இல் கனடாவுக்குப் போனார். அங்கே களம் பெரியது, அணிக்குப் பன்னிருவர். பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகளுக்குப் பதிலாக மூன்றே கிடைக்கும். முயற்சி குறைந்தால் எறிதல் கூடும். களம் விரிந்தால் ஓடி விலகுபவருக்கு இடமும் கிடைக்கும். உயரக்குறைவு அங்கே பெரிய குறையாகவில்லை. 1991இல் ஒரே பருவத்தில் 6,619 யார்டு எறிந்தார். ஆறுமுறை ஆண்டின் தலைசிறந்த வீரரானார். 1992, 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் கனடாவின் வாகையர் பட்டமான கிரே கோப்பையை வென்ற அணிகளை நடத்தினார். 1998இல் பஃபலோ அணிக்குத் திரும்பியவர் அப்பருவத்திலேயே தேசியக் கழகத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் புரோ பௌலுக்குத் தேர்வானது, அவரை முன்பு ஒதுக்கியவர்களுக்கு நல்ல விடை என்பது என் கருத்து.

எனவே 'தொடுக்குநர்' என்று முன்மொழிகிறேன். கணை தொடுப்பதும் தொடுத்தல், போர் தொடுப்பதும் தொடுத்தல், தனித்தனிப் பூக்களைச் சரமாக்குவதும் தொடுத்தல். எறிவது, தாக்குதலைத் தொடங்கிவைப்பது, பதினொருவரின் அசைவை இணைப்பது என்னும் மூன்றும் ஒரே வினையில் அடங்குகின்றன. 'தொடுப்பாளர்' வேண்டாம், பேச்சுவழக்கில் 'தொடுப்பு' எதைக் குறிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 'தொடுநர்' என்றால் தொட்டுப்பார்ப்பவர் ஆகிவிடுவார்.

அக்கட்டுரைக்கு வேறு இரு சொற்களும் தேவைப்படுகின்றன. மயாமி எறிவு போன்றவற்றை ஆங்கிலத்தில் மரியன்னை செபத்தின் பெயரால் ('ஹெய்ல் மேரி') அழைக்கிறார்கள். 1975இல் டாலஸ் வீரர் ரோஜர் ஸ்டாபாக் தம் எறிவை அவ்வாறு சொன்னபின் அது பரவியது. நம் கத்தோலிக்கர் அச்செபத்தை 'மங்கள வார்த்தை' என்பார்கள். 'மங்கள வார்த்தை எறிவு' என்று எழுதினால் திருமணச் சடங்கு என்றே பலர் எண்ணுவார்கள். 'கடைநம்பிக்கை எறிவு' எனலாம்.

மற்றொன்று, பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும்போதே உதைப்பது. 2006 ஜனவரி 1 அன்று, 43 வயதில், நியூ இங்கிலாந்துக்காக ஃப்ளூட்டி இவ்வாறு உதைத்து ஒரு புள்ளி எடுத்தார்; தேசியக் கால்பந்துக் கழகத்தில் 1941க்குப் பிறகு அதுவரை யாரும் அப்படிப் புள்ளி எடுத்ததில்லை. 'துள்ளல் உதை' எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இதையும் 'எறிவாளர்' செய்தார் என்று எழுத நேரும் என்பதை ஐயா அவர்கள் கருதிப்பார்க்க வேண்டுகிறேன்.

முதல் ஆட்டக்காரரையும் அவருக்கு மாற்றாகக் காத்திருப்பவரையும் வேறுபடுத்த 'முதன்மைத் தொடுக்குநர்', 'மாற்றுத் தொடுக்குநர்' என அடை சேர்த்தால் போதுமா, தனிச்சொல் வேண்டுமா என்பதை மட்டும் அன்பர்கள் தெரிவிக்கவும்.