ஹெல்வெலினில் ஒருவருக்குக் கால் முறிந்தால்: 999 அழைப்பு முதல் ஸ்ட்ரெச்சர் வரை

பனிச்சாரல் (கேள்வி)

வணக்கம். நவம்பர் நடுவில் மான்செஸ்டரிலிருந்து எட்டுப் பேர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஹெல்வெலின் மலைக்குப் போகிறோம். கிளென்ரிட்டிங்கில் காரை விட்டுவிட்டு ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகடு வழியாக ஏறி, ஸ்விரல் எட்ஜ் என்ற இன்னொரு முகடு வழியாக இறங்கத் திட்டம். எல்லோரும் நடந்து பழகியவர்கள். இரண்டு பேர் முதலுதவி வகுப்பு முடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பில் எல்லாமே "ஆம்புலன்ஸ் வரும்வரை" என்றுதான் முடிகிறது. பாறை விளிம்பில் ஆம்புலன்ஸ் ஏது?

யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது, அவர்கள் வரும்வரை நாங்கள் என்ன செய்வது? ஒரு கணுக்கால் முறிவுக்கு இருபது பேர் வரை வருவார்களாம். ஏன் அத்தனை பேர்? ஹெலிகாப்டர் இருக்கும்போது ஏன் தோளில் தூக்கி இறக்குகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கயிறு

முதலில் அழைப்பு. 999 அல்லது 112 அடித்து "போலீஸ்" கேளுங்கள், அங்கே "மவுண்டன் ரெஸ்க்யூ" (மலை மீட்பு) என்று சொல்லுங்கள். நிலப்பகுதியில் தேடல், மீட்பு எல்லாம் இங்கே போலீஸ் பொறுப்பு. அவர்கள்தான் குழுவைக் கூப்பிடுவார்கள். கிளென்ரிட்டிங் பக்கம் என்றால் பாட்டர்டேல் குழு. ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டால் அழைப்பு வேறு கட்டுப்பாட்டறைக்குப் போய்ச் சுற்றி வரும், நேரம் வீணாகும்.

இடம் சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தின் கட்ட எண்ணைச் சொல்லுங்கள். ஹெல்வெலின் உச்சி என்.ஒய். 342 151. இப்படி ஆறு இலக்கம் சொன்னால் 100 மீட்டர் சதுரம், எட்டு இலக்கம் சொன்னால் 10 மீட்டர் சதுரம். ஸ்ட்ரைடிங் எட்ஜில் 100 மீட்டர் போதாது. அந்த ஒரே சதுரத்துக்குள் முகடும் இருக்கும், இருபக்கச் சரிவும் இருக்கும். விழுந்தவர் வடக்கே ரெட் டார்ன் ஏரிப் பக்கமா, தெற்கே நெதர்மோஸ்ட் கோவ் பக்கமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பக்கம் மாறினால் குழு ஏறும் பள்ளத்தாக்கே மாறிவிடும். மூன்று சொல்லில் இடம் சொல்லும் செயலியை மட்டும் நம்பிப் போக வேண்டாம். காற்றிரைச்சலில் ஒரு சொல்லின் பன்மை விகுதி விழுங்கப்பட்டாலே வேறெங்கோ காட்டும்.

குழுவிடமிருந்து எஸ்எம்எஸ்-இல் ஓர் இணைப்பு வரலாம். அதைத் தட்டி, இருப்பிடம் பார்க்க அனுமதி கொடுத்தால் உங்கள் இடம் அவர்கள் திரையில் விழும். டேட்டா சிக்னல் இருந்தால்தான் இது நடக்கும்.

இன்னொன்றைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாதபோதும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதில் 999 அழைப்பு போகும். ஆனால் அப்படிப் போன அழைப்புக்குத் திருப்பி அழைக்க முடியாது. எனவே முதல் அழைப்பிலேயே இடம், எத்தனை பேர், என்ன காயம், அங்கே வானிலை எப்படி, வேறு யார் கைப்பேசியில் சிக்னல் வருகிறது என எல்லாம் சொல்லி முடியுங்கள். 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பவும் வழி உண்டு. "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். இன்றே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். இது உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும்தான் போகும்.

பேசி முடித்ததும் அந்தக் கைப்பேசியை உள்சட்டைக்குள் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். அதில் வீட்டுக்கு யாரும் பேச வேண்டாம். சிக்னலே இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இருட்டில் டார்ச் வெளிச்சமும் இதே கணக்கு. மூன்று முறை பதில் வந்தாலும் நிறுத்தாதீர்கள், அவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

வன்னிமழை

பனிச்சாரல், வடிவாகக் கேட்டிருக்கிறீர்கள். அழைத்த பிறகு வருகிற அந்த மூன்று, நான்கு மணி நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எலும்பு முறிவு ஆளை உடனே கொல்வது அரிது. அந்த நேரத்தில் ஏறுகிற குளிர்தான் ஆபத்து. நடந்து வியர்த்த உடல், நனைந்த உள்ளாடை, அசையாமல் கிடப்பது, மலை முகட்டுக் காற்று. நாலும் சேர்ந்தால் பத்துப் பாகை வெப்பத்திலும் உடல் விறைக்கும்.

அடியில் போடுவதை முதலில் பாருங்கள். மேலே நாலு ஜாக்கெட் போர்த்திவிட்டு ஆளை ஈரப் பாறையில் கிடத்தி வைப்பார்கள், முதுகு வழியாகச் சூடு முழுக்கத் தரைக்குப் போய்விடும். ரோல் மேட், காலியான முதுகுப் பைகள், கயிறு என்று கிடைப்பதையெல்லாம் கீழே தள்ளுங்கள். ஆளைத் தூக்கி வைக்க வேண்டாம், பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துச் செருகலாம். தலைகுப்புறவோ உயரத்திலிருந்தோ விழுந்திருந்தால் கழுத்து அசையாதபடி ஒருவர் தலையைப் பிடித்திருக்கட்டும்.

பிறகு குழுக் கூடாரப் பை. தூண் கிடையாது, எல்லோர் தலைக்கும் மேலாக இழுத்துவிட்டு ஓரத்தின் மீது உட்கார்ந்துகொள்ளுகிற துணி. எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர் அளவிலேயே ஒன்று வாங்குங்கள், அல்லது நாலு பேர் அளவில் இரண்டு. சில நிமிடங்களில் உள்ளே காற்று வெதுவெதுப்பாகிவிடும். இது இல்லாமல் நவம்பரில் முகட்டுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணுக்கால் என்றால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள், அதுவே நல்ல கட்டு. நாடாவை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். விரலை அசைக்க முடிகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். மரத்துப்போகிறது என்றால் உடனே கட்டுப்பாட்டறையோடு கதையுங்கள்.

நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடுகிறது. குளிர் குறையாமல் நடுக்கம் மட்டும் நின்று, பேச்சுக் குழறினால் நிலைமை மோசம். அப்போது கைகால்களைத் தேய்க்காதீர்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள், மதுவை நினைக்கவும் வேண்டாம். குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலிலேயே தாளம் தப்பிவிடும். படுத்த நிலையிலேயே, அலுங்காமல் வைத்திருங்கள். காயம்பட்டவருக்குச் சாப்பிட, குடிக்கக் கொடுக்கலாமா என்பதைத் தொலைபேசியில் கேட்டுச் செய்யுங்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மற்ற ஏழு பேரும் கட்டாயம் சாப்பிட வேண்டும்; இரண்டாவது ஆள் விறைத்துப்போனால் மீட்பு இரட்டிப்பாகும்.

நெடுங்கயிறு

வன்னிமழை சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. நேரம் ஏன் ஆகிறது என்றால், குழுவினர் நிலையத்தில் உடை மாட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் அல்ல. ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார், ஒருவர் ஆட்டுப் பண்ணையில். கைப்பேசியில் அழைப்பு வந்து, நிலையத்தில் கூடி, வண்டியில் முடிந்த தூரம் போய், பிறகு சுமையோடு ஏற வேண்டும். முதலில் மூன்று நான்கு பேர் மருந்துப் பை மட்டும் எடுத்துக்கொண்டு வேகமாக ஏறுவார்கள். ஸ்ட்ரெச்சரும் கயிறும் பின்னால் வரும்.

குன்றேறி

இருபது பேர் ஏன் என்பதற்கு நான் வருகிறேன். ஏரி மாவட்டத்தில் பரவலாக இருப்பது பெல் ஸ்ட்ரெச்சர். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், இரண்டு பாதியாகப் பிரியும், ஆளுக்கொரு பாதி முதுகில் கட்டி ஏறுவார்கள். மேலே போய்ப் பொருத்தி, பூட்டு முள் இரண்டும் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். பனித்துகள் ஒட்டியிருந்தால் முள் பாதியில் நிற்கும், பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும்.

அதன்மேல் வாக்யூம் மெத்தை. உள்ளே சிறு மணிகள், பம்பால் காற்றை உறிஞ்சினால் உடல் வடிவத்துக்கே இறுகிவிடும். கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்தகடு) முள் ஒன்று பட்டால் போதும், ஓட்டை விழுந்து சிறிது நேரத்தில் தொளதொளத்துவிடும். ஆகவே வழியில் நிறுத்தும்போதெல்லாம் அழுத்திப் பார்ப்பார்கள். சுற்றிலும் கதகதப்புப் பை, அதற்கு மேல் பட்டைகள்.

தூக்குவது ஒரு நேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேர். பாதையோ ஒருவர் நடக்கும் அகலம்தான், ஆகவே இருபக்கமும் தூக்குபவர்கள் பாதைக்கு வெளியே, கல்லிலும் புதரிலும், தங்கள் கால் தெரியாமலே நடக்கிறார்கள். சில நூறு மீட்டரில் கை மரத்துவிடும். மாற்றாள் கைப்பிடியைப் பிடித்து "பிடித்தாயிற்று" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே முந்தியவர் விடுவார். பாறைப் படிகளில் யாரும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. இரண்டு வரிசையாக அசையாமல் நின்று ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றி விடுவார்கள். பின்னால் காலியானவர்கள் சுற்றி முன்னால் போய் நிற்பார்கள். புல்சரிவு வந்தால் அடியிலுள்ள சறுக்குத் தண்டுகளில் இழுத்துப் போகலாம், பின்னால் ஒரு கயிறு பிடித்திருக்கும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டுப் பேர் கையில், எட்டுப் பேர் மாற்றுக்கு, இரண்டு பேர் வழி பார்க்க, ஒருவர் தலைமாட்டில்.

அந்தத் தலைமாட்டு ஆள் தூக்கவே மாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார். கட்டுண்டு மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். "சாய்" என்று அவர் சொன்னதும் ஸ்ட்ரெச்சரையே ஆளோடு பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

முகட்டிலிருந்து செங்குத்தாக இறக்க வேண்டியிருந்தால் கயிறு. ஸ்ட்ரெச்சர், காயம்பட்டவர், கூடவே இறங்கும் இருவர் எல்லாம் சேர்ந்து 250 கிலோவை எட்டும். அதிகம் நீளாத 11 மி.மீ. கயிறு இரண்டு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிடிமானத்தில். முன்பெல்லாம் ஒன்று சுமையைத் தாங்கும், மற்றது தொய்வாகக் காப்புக்கு இருக்கும். சுமைக்கயிறு அறுந்தால் காப்புக் கயிறு இறுகி நீண்டு முடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் பல மீட்டர் கீழே போய்ப் பாறையில் மோதும். அதனால் இப்போது இரண்டையும் சமமாக இறுக்கி, பாதிப் பாதிச் சுமையோடு இறக்கும் முறைக்குக் குழுக்கள் மாறி வருகின்றன. பாறை இல்லாத புல்வெளியில் இரும்பு முளைகளைப் பின்சாய்வாக அடித்து, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு இழுத்துக் கட்டுவார்கள்.

பிடிமானங்களை இணைக்கும்போது கோணம் முக்கியம். இரண்டு பிடிமானங்களுக்கும் போகும் கயிறுகளுக்கு இடையே 60 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் சுமையின் 58 சதவீதம் விழும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழுச்சுமை தாங்க வேண்டும், இரண்டு போட்டும் பயனில்லை. பிறகு விளிம்பு. இறுகிய கயிறு கூரான பாறையில் மேலும் கீழும் ஓடுவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் பயங்கரம், கத்தி போட்டதுபோல் அறுந்துவிடும். அதற்காகவே விளிம்பில் ஒருவர் நிற்பார். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும். "நில்" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம்.

பனிச்சாரல்

மிக்க நன்றி அண்ணன்மாரே, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஹெலிகாப்டரும் வலி மருந்தும் பற்றி ஒரு வார்த்தை?

நெடுங்கயிறு

கடலோரக் காவல் ஹெலிகாப்டரில் வின்ச் உண்டு, கம்பியில் ஆளைத் தொங்கவிட்டே ஏற்றும். ஏர் ஆம்புலன்சில் வின்ச் இல்லை, தரையிறங்க இடம் வேண்டும். மேகம் முகட்டை மூடியிருந்தால் இரண்டுமே அருகில் வர முடியாது. அதனால்தான் ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது என்று தெரிந்தாலும் குழு நடந்து ஏறுவதை நிறுத்தாது.

சத்தம் கேட்டதும் கூடாரப் பை, தொப்பி, ரோல் மேட் எல்லாவற்றையும் கட்டி அதன்மேல் உட்காருங்கள். இறக்கைக் காற்று துணியைத் தூக்கி இயந்திரத்துக்குள் இழுத்துவிடும். இரண்டு கையையும் மேலே விரித்தால் "உதவி வேண்டும்" என்று பொருள். டார்ச்சை விமானியின் முகத்துக்கு அடிக்காதீர்கள், தரையைப் பார்த்து அடியுங்கள். இறங்கிவரும் கம்பி தரையைத் தொடும்வரை கை வைக்காதீர்கள், நிலைமின்சாரம் பலமாக அடிக்கும். அவர்கள் சைகை காட்டாமல் நெருங்கவும் வேண்டாம்.

குன்றேறி

வலிக்கு முதலில் என்டோனாக்ஸ்: நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி. உருளை மைனஸ் 6 பாகைக்குக் கீழே போனால் இரண்டும் பிரிந்துவிடும். முதலில் ஆக்சிஜன் மட்டும் வரும், கடைசியில் வெறும் நைட்ரஸ் ஆக்சைடு வந்து மயக்கும். ஆகவே உருளையைச் சூடாக வைத்து, கொடுக்கும் முன் தலைகீழாகப் பலமுறை திருப்புவார்கள். மார்பில் அடிபட்டவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அதற்கு மேல் மார்ஃபின். மருத்துவர் அல்லாத குழு உறுப்பினரே அதைக் கொடுக்கலாம், ஆனால் மலை மீட்புக் குழுக்களுக்கான கேசுவல்ட்டி கேர் என்ற மருத்துவ உதவித் தேர்வு எழுதியிருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேற வேண்டும். இந்த அனுமதி சும்மா கிடைத்ததல்ல. 1928-இல் லாடோ பாறையில் விழுந்த ஒருவரை வலி மருந்தில்லாமல் இறக்கியதில் கால் போயிற்று. அவருக்குச் சிகிச்சையளித்த மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, மீட்பு நிலையங்களுக்குத் தானே மார்ஃபின் கொடுத்துவந்தார். 1949-இல் அதற்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். அதன் பிறகுதான் அரசு இறங்கி வந்தது.

கட்டணம் எதுவும் கிடையாது, குழுக்கள் நன்கொடையில் ஓடுகின்றன. உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நவம்பர் நடுவில் மாலை 4 மணி சுமாருக்கே சூரியன் மறையும், எட்டுப் பேருக்கும் தனித்தனி ஹெட்லேம்ப் வேண்டும், உதிரி பேட்டரியோடு. ஸ்ட்ரைடிங் எட்ஜ் முடிந்து உச்சிக்கு ஏறும் அந்தக் கடைசிச் சரிவில் உறைபனி இருந்து, கையில் ஐஸ் ஆக்ஸும் காலில் கிராம்பானும் இல்லையென்றால், அன்று ஸ்ட்ரைடிங் எட்ஜ் தொடங்கும் முன் வரும் ஹோல் இன் த வால் என்ற இடம் வரை போய்த் திரும்பிவிடுங்கள்.