பழைய படத்தை வைத்து எழுத, வரைய உட்காரும் கூட்டங்கள்: இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர் வாசகர் வட்டம்

ஏ3 அளவுக்குப் பெரிதாக்கிய ஸ்டூடியோ படம். நாற்காலியில் பெண், நாற்காலி முதுகில் கையூன்றி நிற்கும் ஆண், பின்னால் திரைத்துணியில் வரைந்த தூணும் படிக்கட்டும். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒன்று மாட்டாத சுவர் குறைவு. கூட்டத்தில் அதைப் பார்த்து எட்டுப் பேர் எழுதினார்கள். ஆறு பேர் எழுதியது புதுப்பெண்ணைப் பற்றி. வாசித்து முடித்ததும் வீட்டு ஆச்சி எழுந்து வந்து, படத்தில் இருந்த பெண்ணின் கழுத்தில் விரலை வைத்தார்கள்.

"கழுத்திரு எங்கப்பா? திருப்பூட்டுக்கு எடுத்த படம்னா கழுத்திரு இல்லாமயா இருக்கும்? இது அவுக கொண்டுவிக்கப் பர்மாவுக்குப் போறதுக்கு முந்தி எடுத்தது. போனா மூணு வருசம் கழிச்சுத்தான் வருவாக."

கழுத்திரு என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணத் தாலி, திருப்பூட்டு தாலி கட்டும் சடங்கு, கொண்டுவிக்கப் போவது வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போவது. சேர்ந்த படம் என்று ஆறு பேர் எழுதியது பிரியப்போகிற படம்.

அதற்கப்புறம் வரிசையை மாற்றினார்கள். முதல் பத்து நிமிடம் கண்ணில் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்: நகை, செருப்பு, கை எங்கே இருக்கிறது, தரை, நான்கு மூலைகள். 'சோகம்', 'அழகு', 'அந்தக் காலம்' மூன்றும் கூடாது. பிறகு வீட்டாரிடம் மூன்று கேள்வி: யார், எங்கே எடுத்தது, எதற்காக எடுத்தது. அதன் பிறகு 25 நிமிடம் எழுத்து. கேள்வியை முதலில் வைத்தால் வீட்டார் சொன்ன கதையையே எல்லோரும் திருப்பி எழுதுவார்கள். கடைசியில் வைத்தால் மேலே சொன்ன மாதிரி ஆகும். நடுவில்தான் அதற்கு இடம்.

உறுத்துவது வேறு. புதுப்பெண் என்று நினைத்து எழுதிய ஒரு கவிதைதான் அன்றைக்கு வந்ததிலேயே சிறந்தது. உண்மை தெரிந்து திருத்தி எழுதியதில் அந்த உயிர் இல்லை. முகப்பில் கண்காட்சி வைத்தபோது எதை மாட்டுவது என்று முடிவாகவே இல்லை, இரண்டுமே சுவருக்கு வரவில்லை.

தேவகோட்டை ஓவிய ஆசிரியை

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும் அண்ணே. பார்க்க வருகிறவர்களுக்கு ஆச்சியின் விரல் தெரிந்திருக்கும்.

பத்து நிமிடப் பட்டியல் எழுதுகிறவர்களுக்குச் சரி. வரைகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் படம் பொருள்களின் பட்டியலாகவே வரும். அவர்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுங்கள். ஆறுக்கு நான்கு அங்குல நகலில் அரை அங்குலக் கட்டம், அதாவது பன்னிரண்டுக்கு எட்டு. சார்ட்டில் அதையே இரண்டு அங்குலக் கட்டமாக்கினால் 24க்கு 16 அங்குலத்தில் வரும். முகத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். கண்ணில் ஆரம்பிக்கிற பிள்ளை கண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு, மீதி முகத்துக்கு இடம் தேடும்.

எனக்கு மறக்காதது சேலை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டும் நாள். படத்தில் இருந்த பெண்ணின் சேலை கன்னங்கரேல் என்று இருந்ததால் பிள்ளைகள் எல்லோரும் கறுப்பையே தீட்டினார்கள். அந்த வீட்டு அயித்தை உள்ளே போய்ப் பெட்டகத்திலிருந்து அதே சேலையை எடுத்து வந்து விரித்தார்கள். அரக்குச் சிவப்பில் கடுகு மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கண்டாங்கிதான். கறுப்பு என்று சொல்ல அதில் ஒரு இழைகூட இல்லை.

காரணம் பிலிம். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் நீலமும் பச்சையும் பதியும், சிவப்பு பதியாது. அதனால் சிவப்பு அச்சில் கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டு விழும், நீலம் நேரில் இருப்பதைவிட வெளிறும். எல்லா நிறத்தையும் வாங்குகிற பான்குரோமாட்டிக் பரவிய பிறகுதான் இது மாறியது. வண்ணம் தீட்டுமுன் உதட்டையும் குங்குமத்தையும் பாருங்கள். இரண்டும் கறுத்திருந்தால் கறுப்புச் சேலை சிவப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்புச் சாந்துப் பொட்டு இந்தச் சோதனையை ஏமாற்றும், உதடு அவ்வளவாக ஏமாற்றாது. வெற்றிலை போட்ட உதடு என்று ஒரு பிள்ளை சொன்னது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, ஸ்கேன் வேலை

'இடக்கைப் பழக்கம் உள்ள கணக்குப்பிள்ளை' என்று ஒரு சிறுகதை வந்தது. படத்தில் அவர் இடது கையில் பேனா பிடித்திருந்தார். கதை முழுக்க அந்தக் கையை வைத்துத்தான். நல்ல கதை. ஆனால் படத்தில் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. ஆண்கள் சட்டையில் பை இடப் பக்கம் இருக்கும், பொத்தானும் இடப்பக்கத் துணி மேலே வருகிற மாதிரிதான். இரண்டும் மாறியிருந்தால் நெகட்டிவைப் புரட்டிப்போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைக்கடிகாரம், சுவர்க் கடிகாரத்தின் எண், கடைப் பலகை எழுத்து எல்லாமே இதற்குச் சாட்சி. கதையை வாசித்த மேடையிலேயே கூட்டத்தில் ஒருவர் எழுந்து பையைக் காட்டினார். எழுதிய பெண் அப்படியே நின்றுவிட்டார்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்துக்காக வீட்டுப் படத்தை இறக்கும்போதுதான் அதிகச் சேதம் நடக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காதீர்கள். அச்சின் மேலே இருப்பது ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தில் அது உப்பிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு, தண்ணீர், ஹேர்டிரையர் எதை வைத்து இழுத்தாலும் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே நகல் எடுங்கள். மலிவான, மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை. அவற்றுக்குக் கண்ணாடித் தடிமனைத் தாண்டிக் கூர்மை கிடையாது, படம் மங்கும். சற்றுத் தடிமனான சிசிடி வகை ஸ்கேனர் ஓரளவு தாங்கும். ஸ்கேனர் சரிவராவிட்டால் படத்தைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. கண்ணாடியில் கேமராவின் நிழலாட்டம் விழாது. செல்போனில் எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். கிட்டே போகாமல் நாலடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள், ஓரக்கோடுகள் வளையாது.

ஸ்கேன் என்றால் ஆறுக்கு நான்கு அச்சுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 3600க்கு 2400 புள்ளி கிடைக்கும், ஏ3க்கு அங்குலத்துக்குச் சுமார் 200 விழும், கை நீட்டத்தில் பார்க்கப் போதும். அதைவிடச் சின்ன அச்சென்றால் 1200. பிள்ளைகள் கையில் எப்போதும் நகல்தான் போக வேண்டும்.

கானாடுகாத்தான், நீல அச்சு

எங்கள் பக்கம் சயனோடைப் செய்தார்கள், அதாவது ரசாயனம் தடவிய தாளை வெயிலில் வைத்து எடுக்கும் நீல அச்சு. வீட்டுப் படம் நீலத்தில், அதன் கீழே அந்தப் படத்துக்கு எழுதிய நான்கு வரி இந்தியன் இங்க்கில். சாந்து பூசி வெள்ளையடித்த திண்ணைச் சுவரில் நேராகப் பசை போட்டு ஒட்டினார்கள். சில நாளில் முகங்கள் வெளிறி மஞ்சளாகப் போய்விட்டன. கீழே எழுத்து மட்டும் முதல் நாள் போலவே நின்றது. யாரைப் பற்றி எழுதியதோ அவர் இல்லாமல் அந்த நான்கு வரியை வாசிக்க முடியவில்லை.

சயனோடைப்பின் நீலம் பிரஷ்யன் நீலம். அதற்குக் காரம் ஆகாது. புதுச் சுண்ணாம்பு கடும் காரம், ஈரப்பசை அதைத் தாளுக்குள் இழுத்துவிட்டது. வெயிலில் மங்கிய சயனோடைப்பை இருட்டில் வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பும். சுண்ணாம்பில் போனது திரும்பாது. நம் வீடுகளில் மாட்டுவதானால் சட்டமும் பின்னட்டையும் போட்டு, சுவரைத் தொடாமல் மாட்டுங்கள்.

அளவு: 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம். தனிப் புட்டியில் 100 மில்லிக்குப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். வேண்டிய அளவு மட்டும் சமபாகமாகக் கலந்து, வெயில் படாத அறையில் மெல்லிய பிரஷ்ஷால் தடவி, இருட்டில் காயவைக்க வேண்டும். ஏ4க்கு 4 மில்லி போதும். படத்தைத் தலைகீழ் நிறத்தில் ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிட்டு மேலே வைத்து, கண்ணாடி போட்டு அமுக்கி முற்றத்து வெயிலில் வைப்பார்கள். நேரத்தைத் துண்டுத் தாளில் சோதித்துத்தான் சொல்ல முடியும். உச்சி வெயிலில் பத்து நிமிடத்தை ஒட்டி வரும். அச்சில் படத்தின் இருண்ட இடங்கள் சாம்பல் பூத்த மாதிரி ஆனால் எடுக்கலாம்.

கழுவுவதில்தான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். போர் தண்ணீர் காரமாக இருந்தால் கழுவும்போதே நீலம் போகும். முதல் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் விடுங்கள். மஞ்சள் முழுக்கப் போகும் வரை அடுத்தடுத்த தண்ணீர். துணியில் அச்சிட்டால் சோப்புத் தூள் ஆகாது. ஜெராக்ஸ் தாளும் ஆகாது, அதில் காரத் தன்மையுள்ள கால்சியம் கார்பனேட் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்கக் கூடாது.

கண்டனூர்

வீட்டு முன்னால் நிற்கும் கார் படம். முகப்புக்கு மேலே கஜலட்சுமி சுதை, கீழே கார், கார் பக்கத்தில் பெரியவர்கள். ஏ3 தாளின் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு ஆள், மட்கார்டில் ஒரு கை. காரையும் சுதையையும் எல்லோரும் எழுதினார்கள். ஒரு அம்மா மட்டும் அந்தக் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்: அதிகாலையில் வண்டி துடைத்த கை, படத்தில் பாதியே நிற்க அனுமதி கிடைத்த ஆள் என்று.

வாசித்த பிறகு வீட்டுக்காரர் மூல அச்சை எடுத்து வந்தார். அதில் அந்த ஆள் முழுசாக நிற்கிறார். முகம் தெளிவு. தலைப்பாகை, நேராகக் கேமராவைப் பார்க்கிற பார்வை. அவரை வெட்டியது அந்தக் காலத்துப் படக்காரர் இல்லை, நாம் ஏ3 போடக் கொடுத்த கடை. ஆறுக்கு நான்கு படத்தை ஏ3யில் ஓரம் இல்லாமல் நிரப்பினால் நீளவாக்கில் சுமார் மூன்றில் ஒரு அங்குலம் அடிபடும். ஓரத்தில் நிற்கிறவர் எப்போதும் அதில்தான் போவார். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபில் வேண்டாம், ஃபிட் போடுங்க, வெள்ளை ஓரம் வந்தாலும் பரவாயில்லை' என்று சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டில் யாருக்கும் அவர் பேர் தெரியவில்லை. "பேர் தெரியாதவரைப் பத்தி எழுதினதை எங்க வீட்டுப் படத்துக்குக் கீழ மாட்ட வேணாமே" என்றார்கள். மாட்டவில்லை. அந்த அம்மா எழுதிய பக்கம் சுவருக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

பள்ளத்தூர் வாசகர் வட்டம்

கண்டனூர் தம்பி, வீட்டார் வேண்டாம் என்றால் மாட்டாததுதான் சரி. படம் அவர்களுடையது.

தேவகோட்டை ஓவிய ஆசிரியை

படம் அவர்களுடையது, அந்த ஆளுமா? அந்தப் பக்கத்தை வேறு சுவரில் படமில்லாமல், 'கற்பனை' என்று கீழே எழுதி மாட்டலாமே. கூட்டம் தொடங்குமுன்னே வீட்டாரிடம் இரண்டு விஷயம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தைக் காட்டலாமா, எழுதியதைக் காட்டலாமா. ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று எடுத்துக்கொள்வதால்தான் கடைசி நாளில் மனஸ்தாபம் வருகிறது.

காரைக்குடி, ஸ்கேன் வேலை

பேர் தெரியாதவரையும் ஏட்டில் ஏற்றுங்கள். மூல அச்சின் பின்பக்கம் ஓரமாக, 2பி பென்சிலால், அழுத்தாமல்: 'வலமிருந்து முதல், தலைப்பாகை, பெயர் தெரியவில்லை', கேட்ட தேதி. பால்பாயிண்ட் முன்பக்கம் தடம் போடும், ஜெல் மை அடுத்த படத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் மாதிரி ரெசின் பூசிய வழுவழு தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே படத்தை உறைக்குள் போட வேண்டும். வேறு வீட்டில் அதே ஆள் இன்னொரு படத்தில் நிற்கக்கூடும்.