பாப்ரூய்ஸ்க் 1944: ரொக்கோசோவ்ஸ்கி ஏன் இரண்டு பக்கமும் அடித்தார்?

சோவியத் தளபதி ரொக்கோசோவ்ஸ்கி பற்றிப் பேச்சு வந்தால் 1937 கைது, சித்திரவதை, 1940 மார்ச்சில் விடுதலை என்று அதோடு நின்றுவிடுகிறது. ஆளை எடைபோட பெலாரஸ் ஊரான பாப்ரூய்ஸ்க்தான் சரியான இடம். 1944 ஜூனில் அவர் ராணுவ ஜெனரல், முதலாம் பெலாரஷ்ய முனையின் (பல படைகள் சேர்ந்த பெருந்தொகுதி) தளபதி. ஜெர்மானியர் கையிலிருந்த ஊரைப் பிடிக்க அவர் கேட்டது சம வலுவில் இரண்டு தாக்குதல்: வடக்கே ரகாச்சோவ், தெற்கே பாரிச்சி. ஸ்டாலினோ ஒரே இடத்தில் அடிக்கச் சொன்னார். ரகாச்சோவ் பக்கம் இடம் குறுகல். எவ்வளவு படை குவித்தாலும் விரிக்க முடியாது. முட்டிக்கொண்டால் மொத்தமும் முட்டிக்கொள்ளும்.

*

தெற்கு என்றால் சதுப்பு. ஜெர்மானியர் அங்கே காவலைக் குறைத்ததே அதனால்தான். ரொக்கோசோவ்ஸ்கியின் கீழிருந்த ஜெனரல் பாட்டவின் 65-வது படை ஆட்கள் மிளாறு பின்னி அகலச் செருப்பு செய்தார்கள். இயந்திரத் துப்பாக்கியை வைத்து இழுக்கச் சறுக்குப் பலகைகள். டி-34/85 டாங்கி 32 டன். சதுப்பின் மேல்தோல் முதல் வண்டியைத் தாங்கினாலும், அதே தடத்தில் அடுத்தது வந்தால் கிழிந்துவிடும். திரும்பினால் இன்னும் மோசம். ஆகவே கட்டைகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கிப் பாதை போட்டார்கள். அடியில் நீளவாட்டில் தாங்குகட்டை இல்லாவிட்டால் சங்கிலி ஏறியதும் ஓரக்கட்டை நிமிர்ந்துகொள்ளும்.

*

முக்கியமானது விட்டுப்போயிற்று: ஜூன் 24-இல் வடக்குத் தாக்குதல் சறுக்கியது! தெற்கில் ஜெர்மன் காவல் கோடு உடைந்து, அன்றே ஜெனரல் பானவின் டாங்கி கோர் (பெரிய டாங்கிப் படைப்பிரிவு) உள்ளே நுழைந்தது. ஜெர்மன் 20-வது டாங்கி டிவிஷனை முதலில் வடக்கே அனுப்பி, பிறகு தெற்கே திருப்பினார்கள். இரண்டு அடி வைத்ததன் பலன் அந்த அலைச்சலில் தெரிகிறது. எந்தப் பக்கமும் அது வேளைக்குப் போய்ச் சேரவில்லை. 27-ஆம் தேதி ஜெர்மானியரைச் சுற்றி வளையம் மூடியது, ஜெர்மன் 9-வது படைத் தளபதி யோர்டானின் பதவியும் போனது.

*

ஸ்டாலினோடு நடந்த வாக்குவாதம் பற்றி ஒரு திருத்தம். "வெளியே போய் யோசித்துவிட்டு வா" என்று ஸ்டாலின் அவரை இரண்டு முறை அனுப்பிய கதை ரொக்கோசோவ்ஸ்கியின் நினைவுக்குறிப்பில் வருவது. இன்னொரு சோவியத் தளபதியான மார்ஷல் ஷூக்கோவ் அதை மறுத்திருக்கிறார். வாக்குவாதம் எப்படி நடந்திருந்தாலும் வரைபடத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. பாப்ரூய்ஸ்க் விழுந்த ஜூன் 29 அன்றே ரொக்கோசோவ்ஸ்கிக்கு மார்ஷல் பட்டம். ஆனால் நவம்பரில் முதலாம் பெலாரஷ்ய முனை ஷூக்கோவ் கைக்குப் போய், இவர் இரண்டாம் பெலாரஷ்ய முனைக்கு மாற்றப்பட்டார். பெர்லின் நேர்வழி முதலாம் முனையின் முன்னால்தான் இருந்தது.