ஜிஎம்300 செட்டை 2 மீட்டருக்குக் கொண்டுவருவது எப்படி? இப்போதைக்குச் சத்தமே வரவில்லை

புதுஅலை:
வணக்கம். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் புதிது, இதுவரை கையில் பிடிக்கும் செட் ஒன்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிறுவனம் வண்டிகளிலிருந்து கழற்றிப் போட்ட மோட்டரோலா ஜிஎம்300 வயர்லெஸ் செட் இரண்டு வந்து சேர்ந்திருக்கின்றன, மைக்கும் பவர் வயரும் உண்டு, பின்பக்கத்தில் செருகியிருந்தவை எதுவும் வரவில்லை. பவர் கொடுத்தால் விளக்கு எரிகிறது, சேனல் எண் மாறுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சில்லை, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் ஏற்பாடு) திறந்தால் வரும் இரைச்சல்கூட இல்லை. இரண்டும் ஒரே மாதிரியா செத்திருக்கும்? அப்புறம் 2 மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) 145.500 ஏற்ற என்ன மென்பொருள் வேண்டும்? என்னிடம் இருப்பது விண்டோஸ் 10 லேப்டாப். மூடியைத் திறந்து பார்த்தேன், திருகுவதற்கு இடம் நிறைய இருக்கிறது, கை துறுதுறுக்கிறது.

ஈயப்பற்று:
முதலில் அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள், தம்பி.

செட் சாகவில்லை. பின்னால் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கிறதல்லவா, அதில் 15, 16 இரண்டையும் இணைக்கும் ஒரு சின்ன ஜம்பர் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி அந்த வழியாகச் சுற்றித்தான் போகிறது. வண்டியிலிருந்து கழற்றியவர் பிளக்கோடு பிடுங்கியிருப்பார், ஜம்பரும் அதோடு போயிருக்கும். ஒரு துண்டு வயர் போதும். வெளி ஸ்பீக்கர் மாட்டுவதாக இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, அதன் இரண்டு வயரில் எதுவும் பாடியிலோ கிரவுண்டிலோ பட்டுவிடக் கூடாது, ஆடியோ ஐசி போய்விடும்.

இப்போது முக்கியமானது: உங்கள் செட் எந்த ஸ்ப்ளிட், அதாவது எந்த ஃப்ரீக்வன்சி வரம்புக்குச் செய்தது? மாடல் எண்ணில் எம் எழுத்துக்கு அப்புறம் வரும் இரண்டாவது இலக்கம் 3 என்றால் விஎச்எஃப், 4 என்றால் யுஎச்எஃப். விஎச்எஃபிலேயே இரண்டு வகை உண்டு, 136–162 ஒன்று, 146–174 இன்னொன்று. முதல் வகை என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை, 2 மீட்டர் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது, புரோகிராம் செய்தால் முடிந்தது. இரண்டாவது வகை என்றால் மென்பொருள் 145.500ஐ ஏற்காது, அதன் மாடல் கோப்பில் இருக்கும் எல்லையை ஹெக்ஸ் எடிட்டரில் திருத்தித்தான் ஏற்ற வேண்டும், மூலக் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு. பல செட்டுகள் தொந்தரவு இல்லாமல் 144 வரை இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ஃப்ரீக்வன்சியை உருவாக்கும் பிஎல்எல் சுற்று லாக் ஆகாது, அந்தச் சேனலில் அனுப்பவே மறுக்கும். காயிலைப் பற்றி அப்போது பேசலாம்.

லேப்டாப் கதை கொஞ்சம் வருத்தமானது. புரோகிராம் செய்ய வேண்டிய ஆர்எஸ்எஸ் என்ற மென்பொருள் டாஸ் காலத்தது, சீரியல் போர்ட்டை நேரடியாகத் தொடும், நேரக் கணக்கை சிபியு வேகத்தை வைத்துப் போடும். வேகமான கணினியில் ஓட்டினால் எழுதும்போது பாதியில் குழம்பி கோட்பிளக் (செட்டுக்குள் இருக்கும் அமைப்புத் தரவு) கெட்டுவிடும். பழைய மெதுவான கணினி, உண்மையான சீரியல் போர்ட், நடுவில் ரிப் என்கிற இடைமுகப் பெட்டி, கேபிள் மைக் சாக்கெட்டில் செருகும். எது செய்தாலும் முதலில் படித்து, சேமித்து, அந்தக் கோப்பை இன்னொரு இடத்திலும் வையுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் எழுதப் போய் ஒரு நல்ல செட்டை இரண்டு மாதம் செங்கல்லாக வைத்திருந்தேன்.

டம்மிலோட்:
இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் நான் கேட்பேன். ஃப்ரீக்வன்சியைத் திருகி மாற்றும் விஎஃப்ஓ கிடையாது, இருப்பது 8 அல்லது 16 சேனல், ஒரு ஃப்ரீக்வன்சி மாற்ற வேண்டுமென்றால் டாஸ் கணினியைத் தட்டி எழுப்ப வேண்டும். 70 சென்டிமீட்டரில் 403–470 மோட்டோடர்போ (மோட்டரோலாவின் டிஜிட்டல் வரிசை) செட் ஒன்று கிடைத்தால் அதில் மாற்றவே ஒன்றும் இல்லை, 430–440 உள்ளேயே இருக்கிறது, டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையும் கிடைக்கும், எஃப்எம்மும் கிடைக்கும், மென்பொருளும் விண்டோஸிலேயே ஓடும்.

மலையுச்சி:
டம்மிலோட் சொல்வது தவறில்லை, ஆனால் பக்கத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் ஒரு மலிவான கையடக்க செட்டையும் ஒரு பழைய கமர்ஷியல் செட்டையும் ஒரே ஆண்டெனாவில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். முன்னது சம்பந்தமில்லாத இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கொட்டும், பின்னது கேட்க வேண்டியதை மட்டும் கேட்கும். முன்வரிசை ஃபில்டருக்காகத்தான் இந்தச் செட்டுகளை இன்னும் தேடுகிறோம். பாக்கெட் வேலைக்கும் (ரேடியோவில் தரவு அனுப்புவது) இது சுகம், 16 பின்னில் பிடிடி (அனுப்பும் பொத்தான்) மூன்றாவது, ஃப்ளாட் ஆடியோ உள்ளே போவது ஐந்தாவது, ரிசீவர் ஆடியோ வெளியே வருவது பதினொன்றாவது, பெட்டியைத் திறக்காமலே மோடம் மாட்டலாம்.

புதுஅலை, இன்னும் இரண்டு விஷயம். டீவியேஷனைப் பாருங்கள், பேசும்போது ஃப்ரீக்வன்சி எவ்வளவு விலகுகிறது என்பதை. 25 கிலோஹெர்ட்ஸ் (வைடு) சேனலுக்கு 5 கிலோஹெர்ட்ஸ், 12.5க்கு (நாரோ) 2.5. நாரோவில் விட்டுவிட்டால் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எல்லோரும் "ஆடியோ கம்மி, கம்மி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் மைக்கைக் குறை சொல்வீர்கள். அமெரிக்காவில் 2013 ஜனவரி முதல் நாரோவைக் கட்டாயமாக்கியபோது வைடு மட்டும் தெரிந்த செட்டுகள் ஏராளமாகக் கழிந்து வந்தன, நமக்கு அது லாபம்தான். அடுத்தது பவர். இது விட்டுவிட்டுப் பேசுவதற்கான செட், பாக்கெட்டுக்கோ ரிப்பீட்டருக்கோ போட்டால் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு ஃபேன் வையுங்கள்.

பழைய நிறுவனத்தின் சேனல்களை முதல் வேலையாக அழியுங்கள். தெரியாமல் பிடிடி அழுத்தினால்கூட அது நமக்கு உரிமையில்லாத இடம். சோதனை எல்லாம் ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் டம்மி லோடில். அடடா, நண்பர் பெயரைச் சொல்லவில்லை.

புதுஅலை:
ஜம்பர் போட்டதும் இரண்டும் கத்துகின்றன! ஈயப்பற்று அண்ணாவுக்கு நன்றி. நண்பர் ஒருவரிடம் ஒரு பழைய 486 கிடந்தது, அதில் படித்துவிட்டேன். ஒன்று 136–162, இன்னொன்று 146–174. முதலாவதில் ரிப்பீட்டரை 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்டோடு (அனுப்புவதற்கும் கேட்பதற்கும் உள்ள இடைவெளி) ஏற்றிவிட்டேன், ரிப்பீட்டரைத் திறக்கும் 88.5 ஹெர்ட்ஸ் டோன் வைத்தேன், அனுப்புவது நன்றாகப் போகிறதாம். ஆனால் ஒரு விசித்திரம், மைக்கைக் கையில் எடுத்தால் எல்லோர் பேச்சும் ஸ்பீக்கரில் கேட்கிறது, கொக்கியில் மாட்டினால் செட் ஊமை.

ஈயப்பற்று:
ரிசீவிலும் 88.5 போட்டிருப்பீர்கள், உங்கள் ரிப்பீட்டர் வெளியே டோன் அனுப்பாததாக இருக்கும். கமர்ஷியல் செட்டில் மைக் கொக்கியில் இருந்தால் டோன் வேலை செய்யும், எடுத்தால் டோன் திறந்துவிடும், பேசும் முன் சேனல் காலியா என்று கேட்டுவிட்டுப் பேசுவதற்காக வைத்த ஏற்பாடு. ரிசீவ் பக்கம் டோனை எடுத்துவிட்டு வெறும் கேரியர் ஸ்குவெல்ச் (டோன் பார்க்காமல் சிக்னல் வந்தாலே திறப்பது) வையுங்கள், டிரான்ஸ்மிட்டில் இருப்பது இருக்கட்டும்.

புதுஅலை:
அதேதான். இப்போது கொக்கியில் தொங்கிக்கொண்டே பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை 146 செட்டில் கை வைக்கிறேன், நகல் எடுத்துவிட்டுத்தான். 73 (வாழ்த்துகள்).