வாட்ஸ்அப் குழு: கோத்தகிரி வீட்டார்

கார்த்திக்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளுக்கு மின்சார மலைச் சைக்கிளில் மேட்டுப்பாளையம் இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன். முன் பிரேக் மறுபடியும் பிடிக்கவில்லை. இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் கடையில் பேட், அதாவது பிரேக் கட்டை, மாற்றித் தருகிறார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, மீண்டும் கீச்சென்று அலறத் தொடங்குகிறது.

மாலதி அத்தை: பேருந்தில் வா.

பெரியப்பா: மாலதி, கொஞ்சம் பொறு. லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டுகிறதா, அல்லது இறுகி நின்றும் வண்டி ஓடுகிறதா? இரண்டும் வெவ்வேறு நோய்.

கார்த்திக்: இரண்டும் உண்டு பெரியப்பா. முன்னது இறுகியும் பிடிப்பதில்லை. பின்னது, வண்டியைக் கழுவிய பிறகு, கைப்பிடி வரை வந்துவிடுகிறது. நாலைந்து முறை அழுத்தினால்தான் சரியாகிறது.

திவ்யா: பெரியப்பா தொடங்கிவிட்டார். நான் காபி போட்டு வருகிறேன்.

பெரியப்பா: பணிமனையில் இருந்தபோது, ஏறிய கியரிலேயே மலை இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொல்வோம், எஞ்சினே பேருந்தை இழுத்துப் பிடிக்கும். உன் சைக்கிளில் மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறது, பின் சக்கரமோ, பெடல் நின்றாலும் உருள விடும் ஃப்ரீவீலில் தனியே சுழல்கிறது; ஆகவே இறக்கத்தில் மோட்டாரால் ஓர் உதவியும் இல்லை. நீயும் இருபத்தைந்து கிலோ வண்டியுமாக நூறு கிலோ, ஏறத்தாழ 1,450 மீட்டர் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்று வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் சக்கரங்களோடு சுழலும் அந்த இரண்டு பிரேக் தட்டுகளின், டிஸ்குகளின், தலையில்தான்.

மாலதி அத்தை: திவ்யா, காபியை அதிலேயே போட்டுவிடலாம்.

கார்த்திக்: கழற்றிய பேட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். முகம் கண்ணாடி போல மினுங்குகிறது, ஓரத்தில் ஈரக்கறை இருக்கிறது.

பெரியப்பா: அது எண்ணெய். பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரில் பிஸ்டன் சீல் கசிந்தாலும் இப்படி ஆகும், வெளியிலிருந்து பட்டாலும் ஆகும். வீட்டில் யாராவது எண்ணெய் அடித்தீர்களா?

அப்பா: சத்தம் காது பொறுக்கவில்லை என்று டிஸ்க் மேல் லேசாகத் தெளித்தேன்.

அம்மா: மூன்று முறையும் நீங்கள்தானா?

பெரியப்பா: தம்பி, பனியில் நனைந்த டிஸ்க் சத்தமிடுவது இயல்பு. இரண்டு முறை பிரேக் பிடித்தால் காய்ந்துவிடும்.

அப்பா: தாத்தாவின் ஸ்கூட்டருக்கு நீங்கள் பிரேக் போட்டதும், அது தேயிலைத் தோட்டத்திற்குள் இறங்கியதும் எனக்கு நினைவிருக்கிறது.

பெரியப்பா: கேபிள் அறுந்ததற்கு நான் பொறுப்பல்ல என்று அன்றே சொன்னேன். கார்த்திக், எண்ணெய் குடித்த பேட் உருப்படாது, அதைத் தூக்கிப் போடு. டிஸ்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்துத் தடிமனை அளந்து பார். ஷிமானோ நிறுவன டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். மலைக்குச் சின்டர்டு, அதாவது உலோகத் தூளை அழுத்திச் சுட்ட பேட் நல்லது, ஆனால் டிஸ்கில் ரெசின் (பிசின்) பேட் மட்டும் என்று பொறித்திருந்தால் அதைப் போடாதே. பின் பிரேக்கைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: வண்டியைத் தலைகீழாக நிறுத்தியா கழுவுகிறாய்?

கார்த்திக்: ஆமாம்.

பெரியப்பா: லீவர் பக்கத் தொட்டியில் தங்கியிருக்கும் காற்று அப்போது குழாய்க்குள் புகுந்துவிடுகிறது. பிளீடிங் செய்து காற்றை வெளியேற்ற வேண்டும். உன்னுடையது மினரல் ஆயில் பிரேக் என்றால் கடையில் கார் பிரேக் ஆயிலை ஊற்ற விடாதே, ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். புது பேட் போட்டதும் சமதளத்தில் ஓர் இருபது முறை வேகமெடுத்து, மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்கு.

கார்த்திக்: ஞாயிறுக்குள் பேட் வரவில்லை என்றால்?

மாலதி அத்தை: பேருந்து இருக்கிறது.

அம்மா: அவன் எங்களோடு காரில் வரட்டும்.

அப்பா: காரில் பாத்திரங்கள் இருக்கின்றன.

பெரியப்பா: சனிக்கிழமை நானே மேலே வந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம்.

அம்மா: எண்ணெய்க் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அப்பா: சாவியைக் கொடு, பின்கதவுக் கீல் கிறீச்சிடுகிறது.